சதையை அழிக்கும் நோய்: காப்பவை கத்தியும் கடிகாரமும்

எரிக் கார்னெல் அமெரிக்க நாட்டுப் பௌதிக விஞ்ஞானி. அணுக்களை மிக மிகக் கடுமையான குளிர்நிலைக்குக் கொண்டுபோய், பொருளின் புதியதொரு நிலையை உண்டாக்கிக் காட்டியவர். அதற்காக 2001ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மூன்று ஆண்டுகள் சென்றன. 2004ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவரை ஒரு நோய் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 42தான். உயிரைக் காப்பாற்றுவதற்காக டாக்டர்கள் அவருடைய இடது கையையும் தோளையும் அகற்ற வேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார். 2005 ஏப்ரலில் மீண்டும் தம் ஆராய்ச்சி வேலைக்குத் திரும்பினார்.

கானடா நாட்டில் லூசியன் பூஷார் என்றொரு தலைவர். கியூபெக் மாகாணம் தனி நாடாக வேண்டும் என்று போராடியவர். பார்லிமெண்டில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கியவர். 1994 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் இதே நோய் அவருடைய இடது காலில் புகுந்தது. காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்ற நிலை. கால் போயிற்று, உயிர் நின்றது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, கைத்தடி ஊன்றி நடந்து, 1995ல் நடந்த பொது வாக்கெடுப்பில் மேடை மேடையாகப் பேசினார். 1996 ஜனவரியில் மாகாணத்தின் முதல் மந்திரியானார்.

கற்றவர், தலைவர், பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் பார்க்காத இந்த நோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் ‘நெக்ரோடைஸிங் ஃபேஷியைட்டிஸ்’ என்று பெயர். சதையை மூடியிருக்கும் ஜவ்வு அழுகிச் சாகும் நோய் என்பது இதன் பொருள். 1994ல் இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் அடுத்தடுத்துச் சிலருக்கு இது கண்டபோது, அந்நாட்டுப் பத்திரிகைகள் ‘சதை தின்னும் பூச்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ஊரையே நடுங்க வைத்தன.

நோய் அபூர்வமானதுதான். எல்லோரும் பயந்து சாக வேண்டியதில்லை. ஆனால் வந்துவிட்டால், நவீன வைத்திய வசதிகள் அத்தனையும் இருந்தும், ஐந்து பேரில் ஒருவரையாவது இன்றும் அது கொண்டுபோய்விடுகிறது. மற்ற நான்கு பேரைப் பிழைக்க வைப்பது எது? விலையுயர்ந்த ஊசி மருந்து என்று நினைத்தால் அது தவறு. நேரத்தோடு எடுத்த கத்திதான்!

ஜவ்வின் வழியே ஓடும் நெருப்பு

இறைச்சிக் கடையில் ஆட்டுக்கறி வாங்குகிறவர்கள் கறித் துண்டின் மேல் வெண்மையான மெல்லிய ஜவ்வு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். மனித உடலிலும் தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே இந்த ஜவ்வு, அப்புறம் தசை என்று அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. தசையில் இரத்தம் தாராளமாக ஓடுகிறது. ஜவ்விலோ இரத்த ஓட்டம் சொற்பம். இரத்தம் குறைந்த இடத்தில் உடலின் காவற்படையும் குறைவு. கிருமிகளுக்கு இதைவிட வசதியான பாதை வேறு வேண்டுமா?

முள் குத்திய துளை, சவரம் செய்யும்போது பட்ட கீறல், பூச்சிக் கடி, பித்தவெடிப்பு, ஆபரேஷன் தையல், பிரசவ காலத்துப் புண் என்று எந்தச் சிறு வாசல் வழியாகவும் கிருமி உள்ளே நுழையலாம். சில சமயம் வாசல் எதுவென்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. அடிபட்டுக் கன்றிப்போன தசையை நோக்கி இரத்தத்தின் வழியாகவே கிருமி வந்து சேர்வதும் உண்டு. உள்ளே போனதும் ஜவ்வின் மேல் அது வேகமாகப் பரவுகிறது. அதாவது வெளித்தோல் நன்றாகவே இருக்க, அடியில் நெருப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

‘சதை தின்னும் கிருமி’ என்ற பெயர் உண்மையில் பொருத்தமானதல்ல. கிருமி சதையைக் கடித்துத் தின்பதில்லை. அது கக்கும் விஷங்கள் திசுக்களைக் கரைக்கின்றன. சிறு இரத்தக் குழாய்களில் இரத்தத்தை உறைய வைக்கின்றன. இரத்தம் நின்ற இடத்தில் சதையும் தோலும் செத்துப்போகின்றன. அந்த விஷங்களே உடல் முழுவதும் பரவி இரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையைக் கெடுக்கின்றன. நோயாளி இறப்பது பெரும்பாலும் புண்ணினால் அல்ல. இந்த விஷத்தினால் ஏற்படும் அதிர்ச்சி நிலையினால்தான்.

இந்தக் காரியத்தைச் செய்யும் கிருமி ஒன்றே ஒன்று அல்ல. நீரிழிவுக்காரர்கள், வயோதிகர்கள், வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோரிடம் பல ஜாதிக் கிருமிகள் கூட்டுச் சேர்ந்து கொள்ளையடிக்கின்றன. ஆரோக்கியமாக இருக்கும் இளைஞரையும் தாக்கக் கூடியது ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். சாதாரணத் தொண்டைப் புண்ணை உண்டாக்கும் அதே கிருமிதான் இது! சின்னம்மைக் கொப்புளத்தின் வழியாகக் குழந்தைகளிடத்திலும் இது புகுந்துவிடுவதுண்டு. கடல்நீரில் வாழும் ‘விப்ரியோ வல்னிஃபிகஸ்’ என்ற கிருமி, ஈரல் கெட்டவர்களின் காயத்தில் புகுந்தால் மிகவும் பொல்லாதது. மண்ணில் இருக்கும் ‘கிளாஸ்ட்ரிடியம்’ தசைக்குள்ளேயே வாயுவை உண்டாக்கி அழுகச் செய்கிறது. முதல் உலக யுத்தத்தில் அகழிகளில் கிடந்த சிப்பாய்களைக் கொன்ற வாயு அழுகல் நோய் அதுவே.

பழைய பகை

இது இன்று நேற்று முளைத்த வியாதி அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டீஸ் இதைக் கண்டிருக்கிறார். அற்பக் காயத்திலிருந்து தொடங்கி, சதையும் நரம்பும் எலும்பும் பெருமளவில் உதிர்ந்து விழுந்ததாக அவர் பெயரில் வழங்கும் குறிப்புகளில் காணப்படுகிறது.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் குண்டடி பட்ட சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் வந்து படுத்த பிறகு காயம் அழுகிச் செத்தார்கள். அதற்கு ‘ஆஸ்பத்திரி அழுகல்’ என்றே பெயர் வந்துவிட்டது. தென்பகுதிப் படையில் வைத்தியராக இருந்த ஜோசப் ஜோன்ஸ் 1871ல் வெளியிட்ட கணக்கில் 2,642 நோயாளிகளைப் பற்றிய விவரம் இருக்கிறது. நூற்றுக்கு 46 பேர் மாண்டார்கள். கிருமிதான் காரணம் என்பது அக்காலத்து வைத்தியர்களுக்குத் தெரியாது. ஒரு காயத்தைத் துடைத்த பஞ்சாலேயே அடுத்த காயத்தையும் துடைத்த காலம் அது.

1883ல் பாரிஸ் நகரத்து டாக்டர் ஃபூர்னியே, திடமாக இருந்த ஐந்து வாலிபர்களுக்கு மறைவிடத்தில் திடீரென்று தோன்றி வேகமாகப் பரவிய அழுகலை விவரித்தார். அந்த இடத்தில் வரும் நோய்க்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது.

பீக்கிங் நகரத்துப் பாடம்

சிகிச்சையைப் பொறுத்த வரையில் மிகப் பெரிய பாடம் கிடைத்தது சீனாவில். இன்று பெய்ஜிங் என்று அழைக்கப்படும் பீக்கிங் நகரத்தில் அமெரிக்க ரணசிகிச்சை நிபுணர் ஃபிராங்க் மெலனி பணியாற்றினார். 1924ல் அவர் 20 நோயாளிகளைப் பற்றிய விவரத்தை வெளியிட்டார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த அழுகல் இது என்று அவர் காட்டினார்.

அந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். பெனிசிலினை ஃபிளெமிங் கண்டறிந்தது 1928ல். அது நோயாளிகளுக்குக் கிடைத்ததோ 1940க்கு மேல். ஸல்ஃபா மருந்துகள்கூட 1924ல் இல்லை. மெலனியின் கையில் இருந்தது கத்தி ஒன்றே. நோய் பரவிய இடத்தைத் தாமதமின்றி நீளமாகக் கீறித் திறந்து, செத்ததை அகற்றிச் சுத்தம் செய்தார். அவருடைய நோயாளிகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 20 பேர் என்ற கணக்கே ஆயிற்று.

இன்று எத்தனையோ உயர்ந்த மருந்துகள் வந்துவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்துவிட்டன. ஆனால் 2020ல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்து, இறப்பவர் நூற்றுக்கு 21 பேர் என்று கணக்கிட்டது. நூறு ஆண்டு வளர்ச்சிக்குப் பின்னும் மெலனியின் கணக்கை நாம் தாண்டவில்லை! இன்றைய நோயாளிகளில் முதியவர்களும் நீரிழிவுக்காரர்களும் அதிகம் என்பது ஒரு காரணம். என்றாலும், முதல் மருந்து கத்தியே என்ற பாடம் பழையதாகிப் போகவில்லை என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

‘நெக்ரோடைஸிங் ஃபேஷியைட்டிஸ்’ என்ற பெயரை 1952ல் வழங்கியவர் அமெரிக்க டாக்டர் வில்சன். கிருமி எதுவாக இருந்தாலும் ஜவ்வு சாவது எல்லாரிடத்திலும் பொதுவாகக் காணப்படுகிறது என்பதே அவர் சொன்ன காரணம்.

வலியே முதல் சாட்சி

சரி, நேரத்தோடு கத்தி எடுப்பதற்கு என்ன தடை? நோய் வேஷம் போட்டுக்கொண்டு வருவதுதான் தடை.

முதல் நாள் தோலில் லேசான சிவப்பு, கொஞ்சம் வீக்கம். சாதாரணச் சிரங்கு, சுளுக்கு, நெறிகட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வலியோ சொல்லி முடியாது. சிவந்திருப்பது உள்ளங்கையளவு; நோயாளி துடிப்பதோ காலே முறிந்தாற்போல. கண்ணால் பார்க்கும் புண்ணுக்கும் அவர் அனுபவிக்கும் வலிக்கும் பொருத்தமே இராது. இந்தப் பொருத்தமின்மைதான் நோயின் முதல் அறிகுறி. அடியில் ஜவ்வு எரிந்துகொண்டிருக்கிறது; மேலே தோலுக்கு இன்னும் செய்தி வரவில்லை.

இரண்டாவது அறிகுறி, சிவப்பு நின்ற இடத்துக்கு அப்பாலும் தோலைத் தொட்டால் வலிப்பதும், வீங்கியிருப்பதும். தொட்டுப் பார்த்தால் பலகையைப் போல் கெட்டியாக இருக்கும். அடுத்து, தோல் கருநீலமாக மாறும். இரத்தம் கலந்த நீர் கோத்த கொப்புளங்கள் கிளம்பும். சிலருக்கு விரலால் அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்று வாயு இருப்பது தெரியும்.

அதற்கப்புறம் நடப்பதுதான் மிகவும் வஞ்சகமானது. வலி குறைந்துவிடும்! ‘அப்பாடா, சுகமாகிறது’ என்று வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். உண்மையில் வலியை உணர்த்தும் நரம்புகளே செத்துப்போயிருக்கும். தோல் மரத்துப்போய், நோயாளியின் பேச்சுக் குழறி, நாடி படபடவென்று ஓடினால், அது சுகத்தின் அடையாளமல்ல, கடைசி எச்சரிக்கை.

ஜுரம் இல்லையே என்று அலட்சியமாக இருப்பதும் பிசகு. 2019ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சித் தொகுப்பின்படி, ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளில் பாதிப் பேருக்குக்கூட ஜுரம் இல்லை. இரத்தக் கொப்புளம் கண்டது நான்கில் ஒருவருக்குத்தான். எல்லா அறிகுறியும் சேரட்டும் என்று காத்திருந்தால், சேருவதற்குள் ஆள் போய்விடுவான்.

சிங்கப்பூர் டாக்டர்கள் 2003ல் வெளியிட்ட விவரம் இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. மொத்தம் 89 நோயாளிகள். ஆஸ்பத்திரியில் சேரும்போதே நோய் இன்னதென்று கண்டுகொள்ளப்பட்டது 13 பேருக்கு மட்டுமே. ஆபரேஷன் 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானவர்களிடையே சாவு மிகவும் அதிகமாக இருந்தது. அந்த 89 பேரில் பத்துக்கு ஏழு பேர் நீரிழிவுக்காரர்கள் என்பதும் குறிப்பிடத் தக்கது.

விரல் நுழைந்தால்...

இரத்தச் சோதனைகள் உதவாதா? உதவும். சிங்கப்பூர்க் குழுவினரே 2004ல், ஆறு சாதாரண இரத்தச் சோதனைகளைக் கொண்டு மதிப்பெண் போடும் முறை ஒன்றை வகுத்தார்கள். வெள்ளணுக்கள், சர்க்கரை, சோடியம் உப்பு முதலியவற்றைக் கூட்டிப் பார்த்து, மதிப்பெண் ஆறோ அதற்கு மேலோ வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் மதிப்பெண் குறைவு என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உண்மையில் நோய் இருப்பவர்களில் மூன்றில் ஒருவரை இந்தக் கணக்கு தவறவிட்டுவிடுகிறது என்று பின்னால் தெரியவந்தது. ஸ்கேன் படம் இதைவிடச் சற்று நம்பகமானது. ஆனால் நோயாளியின் நிலை மோசமாகிக்கொண்டிருக்கும்போது படத்துக்காக வரிசையில் காத்திருப்பது அபாயம்.

சந்தேகம் தீராதபோது அனுபவசாலிகளான டாக்டர்கள் செய்வது மிக எளிய காரியம். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, ஓரங்குலத்துக்குள் ஒரு சிறு கீறல் போட்டு ஜவ்வு வரையில் திறந்து பார்க்கிறார்கள். ஆரோக்கியமான ஜவ்வு பளபளவென்று வெளுத்து, மேலிருக்கும் கொழுப்போடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். கீறினால் இரத்தம் வரும். நோய் கண்ட ஜவ்வோ சாம்பல் நிறமாக இருக்கும், இரத்தம் வராது. பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போல் கலங்கிய நீர் கசியும். விரலை உள்ளே விட்டுத் தள்ளினால், ஈரக் காகிதத்தைப் பிரிப்பதுபோல் திசுக்கள் தடையின்றிப் பிரிந்து வழிவிடும். விரல் தடையின்றி நுழைந்தால் அப்புறம் ஆலோசனைக்கே இடமில்லை. நேரே ஆபரேஷன் அறைதான்.

தாட்சணியம் பார்க்காத கத்தி

ஆபரேஷன் அறையில் நடப்பது பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றலாம். செத்துப்போன தோல், கொழுப்பு, ஜவ்வு, தேவைப்பட்டால் தசை எல்லாவற்றையும் டாக்டர் வெட்டி எறிகிறார். எங்கே நிறுத்துவது? வெட்டிய விளிம்பில் சிவந்த இரத்தம் கசிய வேண்டும். விரலுக்குத் திசு பிரிந்து கொடுக்கக் கூடாது. அதுவரையில் நிறுத்துவதில்லை. தழும்பு பெரிதாகுமே, அழகு கெடுமே என்று தாட்சணியம் பார்த்துப் பாதி சதையை விட்டுவைத்தால், மீதிப் பாதியிலிருந்து நோய் மறுபடியும் கிளம்பிவிடும். கையோ காலோ முழுவதும் செத்து, உயிருக்கே உலை வைக்கும் நிலை வந்தால் அதையும் எடுக்கத்தான் வேண்டும். நேரத்தோடு வந்தவர்களில் பலருக்கு அந்தத் துர்ப்பாக்கியம் நேருவதில்லை.

ஒரே ஆபரேஷனோடு காரியம் முடிந்துவிடுவதும் இல்லை. காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்துக் கட்டுகிறார்கள். 24 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து, கட்டை அவிழ்த்துப் பார்க்கிறார்கள். நேற்று உயிரோடிருந்த விளிம்பு இன்று கறுத்திருக்கலாம். அதையும் வெட்டுகிறார்கள். வெட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று தெரியும் வரையில் இப்படித் தினமும் தொடர வேண்டியிருக்கும். ‘இன்னும் எத்தனை தடவைதான் அறுப்பீர்கள்?’ என்று உறவினர்கள் கண்ணீர் விடுவது இயற்கையே. ஆனால் இந்த இரண்டாவது, மூன்றாவது பார்வைதான் பலருடைய உயிரை நிறுத்தியிருக்கிறது.

கடிகாரத்தின் மதிப்பு எவ்வளவு? மேலே சொன்ன 2020ஆம் ஆண்டுத் தொகுப்பே விடை கூறுகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மணி நேரத்துக்குள் கத்தி வைக்கப்பட்டவர்களில் இறந்தவர் நூற்றுக்கு 19 பேர். ஆறு மணிக்குப் பிந்தியவர்களில் நூற்றுக்கு 32 பேர். நூறு பேரில் பதின்மூன்று உயிர்களின் வித்தியாசம்!

பெனிசிலின் ஏன் தடுமாறியது?

‘இரத்தத்தில் மருந்தை ஏற்றினால் கிருமி சாகாதா? எதற்காக இவ்வளவு அறுப்பு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மடையைத் திறந்துவிட்டு என்ன பயன்? தண்ணீர் பயிருக்குப் போய்ச் சேராது. அதேபோல், இரத்தக் குழாய்கள் அடைபட்ட சதைக்கு இரத்தத்தில் ஏற்றிய மருந்து போய்ச் சேருவதில்லை. செத்த சதை இருக்கும் வரையில் கிருமிக்கு அது கோட்டை. கோட்டையை இடித்தால்தான் மருந்துக்கு வேலை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1952ல் அமெரிக்க விஞ்ஞானி ஹாரி ஈகிள் சுண்டெலிகளின் தசையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் செலுத்திப் பரிசோதனை செய்தார். உடனே பெனிசிலின் கொடுத்தால் எலிகள் பிழைத்தன. நேரம் கழித்துக் கொடுத்தால் அதே கிருமியை அதே பெனிசிலின் வெல்ல முடியவில்லை. காரணம் இதுதான்: கிருமி பெருகும்போது தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது, பெனிசிலின் அந்தச் சுவர் வேலையைக் கெடுத்துத்தான் அதைக் கொல்கிறது. கிருமிகள் கூட்டமாக நிறைந்து, பெருகுவதை நிறுத்திக்கொண்டுவிட்டால், கெடுப்பதற்குச் சுவர் வேலையே நடப்பதில்லை!

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர்கள் டென்னிஸ் ஸ்டீவன்ஸும் அவருடைய சகாக்களும். 1988ல் அவர்கள் வெளியிட்ட எலிப் பரிசோதனையில், இரண்டு மணி நேரம் தாமதித்துக் கொடுத்த பெனிசிலின் பயன்படவில்லை. ஆனால் கிளிண்டாமைசின் என்ற மருந்தை பதினாறரை மணி நேரம் கழித்துக் கொடுத்தும் நூற்றுக்கு 70 எலிகள் பிழைத்தன. இந்த மருந்து கிருமியின் சுவரைத் தேடுவதில்லை. கிருமி தன் விஷத்தைத் தயாரிக்கும் பட்டறையையே நிறுத்திவிடுகிறது.

ஆகையால் இன்று சந்தேகம் தோன்றியவுடனேயே, எந்தக் கிருமி என்று தெரிவதற்கு முன்பே, பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்துகளைச் சேர்த்து ஊசி வழியே ஏற்றுகிறார்கள். அவற்றோடு கிளிண்டாமைசினும் சேருகிறது. கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் என்று உறுதிப்பட்டால், பெனிசிலினும் கிளிண்டாமைசினும் ஜோடியாகத் தொடருகின்றன. இதனிடையே சலைன் ஏற்றி இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் இயந்திர உதவி தேவையானால் அளிக்கிறார்கள். ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இவையெல்லாம் தொடங்கிவிட வேண்டும். மருந்து வேலை செய்கிறதா பார்ப்போம் என்று கத்தியை ஒத்திப்போடுவது கூடாது.

வேறு சில சிகிச்சைகளும் முயன்று பார்க்கப்பட்டன. நோயாளியை அழுத்தம் கூடிய அறையில் வைத்துச் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வது ஒன்று. அதனால் பயன் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் திட்டவட்டமாக நிரூபிக்கப்படவில்லை. பலருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஏற்றுவது மற்றொன்று. டென்மார்க்கில் 100 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கத்தியின் இடத்தைப் பிடிக்க வேறொன்றும் இன்னும் வரவில்லை.

புண் ஆறும் வரை

உயிர் தப்பிய பிறகுதான் நீண்ட யாத்திரை தொடங்குகிறது. பெரிய திறந்த புண் சுத்தமானதும், அதன்மேல் பஞ்சு போன்ற பொருளை வைத்து மூடி, சிறு பம்பினால் கசிவை உறிஞ்சி எடுக்கும் கட்டுப் போடுகிறார்கள். சில வாரங்களில் அடியில் சிவந்த புதுச் சதை வளருகிறது. பிறகு தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அதன்மேல் ஒட்டுகிறார்கள். நல்ல போஷாக்குள்ள ஆகாரம் வேண்டும். முக்கியமாகப் புரதச் சத்து வேண்டும். மடங்காத மூட்டை மடக்கப் பழக்குவதற்குத் தேகப் பயிற்சிச் சிகிச்சை வேண்டும். தம் உடலைத் தாமே பார்க்கக் கூசும் நோயாளிக்கு வீட்டாரின் ஆறுதலும் வேண்டும். மாதக் கணக்கில் வேலைக்குப் போக முடியாத குடும்பத் தலைவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதையும் மறப்பதற்கில்லை. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் வெட்டும் அளவாவது குறைந்திருக்கும்.

வீட்டில் இருப்போர் அறிய வேண்டியவை

2023ல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். சிங்கப்பூர்க் கணக்கில் பத்துக்கு ஏழு பேர் நீரிழிவுக்காரர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், இந்த அபூர்வ நோயைப் பற்றி நம் வீடுகளில் ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்பது விளங்கும். சர்க்கரை அதிகமானால் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது. ஆகவே அவர்கள் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. இரவு படுக்கப் போகுமுன் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். வலி தெரியாத பாதமாதலால், இவர்கள் விஷயத்தில் வீக்கம், நிறமாற்றம், துர்நாற்றம் ஆகியவற்றையே வலிக்குச் சமமாக மதிக்க வேண்டும்.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிச் சுத்தமான துணியால் மூட வேண்டும். திறந்த காயத்தில் சுண்ணாம்பு, சாணம், காப்பித் தூள் அப்புவது கூடாது. ஆறாத புண்ணோடு குளம், ஆறு, கடலில் இறங்குவதும் கூடாது.

சிவந்து வீங்கிய இடம் இருந்தால், சிவப்பின் எல்லையைப் பேனாவினால் கோடு போட்டு, மணியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், காலை வரையில் காத்திருக்க வேண்டாம். வலி மாத்திரையை மேலும் மேலும் போட்டு வலியை அமுக்குவது, வீட்டில் திருடன் புகுந்தபோது குரைக்கிற நாயின் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது? சிவப்பு எவ்வளவு வேகமாகப் பரவியது? நோயாளிக்கு நீரிழிவு, ஈரல் வியாதி, சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது உண்டா? இந்த மூன்றும் சோதனைச் சீட்டுகளைவிட விரைவில் அவரை உஷார்ப்படுத்தும். ‘உடனே கீறிப் பார்க்க வேண்டும்’ என்று அவர் சொன்னால், நல்ல நாள் பார்ப்பதற்கோ, வெளியூரிலிருந்து பெரியவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று காத்திருப்பதற்கோ அது நேரமல்ல. பழுத்தால் தானே உடையும் என்று விட்டு வைப்பதற்கு இது வேனற்கட்டி அல்ல.

இத்தனை சொன்னதால் ஒவ்வொரு சிராய்ப்புக்கும் பதறி ஓட வேண்டும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான காயங்கள் தாமாகவே ஆறிவிடுகின்றன. புண் சிறிதாக இருந்தும் வலி பெரிதாக இருந்தால் மட்டும், புண்ணை நம்ப வேண்டாம். வலியை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையோடு இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கப்பட்டவர்கள், தழும்போடாவது, வீடு திரும்பியிருக்கிறார்கள்.